முதலில் காலைத் தொட்டுப் பார்ப்பேன்

(இயற்கை மருத்துவம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தத் துறையில் 26 ஆண்டுகளாகப் பணிபுரியும் மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார்.)

டாக்டர் அம்மா, இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? சின்ன வயதிலிருந்தே இயற்கை மீது ஆர்வமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை

இல்லைங்க அம்மா. இப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அலோபதி மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. மதிப்பெண் கொஞ்சம் குறைந்துவிட்டது, கிடைத்த இடத்தில் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க, திரும்பவும் தேர்வு எழுதிப் பார்க்கலாமா என்ற யோசனையிலேயே ஓடியது. சொந்தக்காரர்கள் கேட்டால் என் அம்மா, "டாக்டருக்குப் படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மனசு மாறியது நீர் சிகிச்சை செய்முறை வகுப்பில். எங்கள் ஆசிரியை ஒரு விதி வைத்திருந்தார். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும், நோயாளிக்குக் கொடுக்கும் முன் நாங்கள் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு முழு உடல் ஈரத்துணிச் சுற்று. கட்டிலில் இரண்டு கம்பளிகளை விரித்து, அதன் மேல் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த விரிப்பைப் போட்டார்கள். படுத்ததும் இரண்டு தோழிகள் சேர்ந்து கழுத்து வரை சுற்றி, கம்பளியால் மூடினார்கள். முதல் இரண்டு நிமிடம் பல் தந்தியடித்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஐந்தாறு நிமிடத்தில் நடுக்கம் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் துணி வெதுவெதுப்பாகிவிட்டது. அப்புறம் நடந்தது எனக்கு நினைவில்லை, தூங்கிப் போனேன். தேர்வு பயத்தில் ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் கிடந்தவள் நான்.

எழுப்பிவிட்டு ஆசிரியை ஒன்றே ஒன்று கேட்டார். "துணியைச் சூடாக்கினது யாரு?"

அறையில் அடுப்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை. சூடாக்கியது என் இரத்த ஓட்டம். குளிர் பட்டதும் தோலில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சற்று நேரத்தில் அவை விரிந்து, உள்ளேயிருந்து சூடான இரத்தம் தோலுக்கு வருகிறது. அந்தச் சூட்டைக் கம்பளி வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. உடலியங்கியல் புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்திருந்த நான்கு வரிகள் அன்றைக்கு என் தோலிலேயே நடந்தன. திரும்பத் தேர்வு எழுதும் யோசனையை அத்தோடு விட்டேன்.

நான் பள்ளி இறுதி வகுப்பு படிக்கிறேன். இயற்கை மருத்துவம் படித்தால் உண்மையான டாக்டர் ஆக முடியுமா? என்னவெல்லாம் சொல்லித் தருவார்கள்?
– ஒரு மாணவி

படிப்பு நாட்டுக்கு நாடு மாறும், அதை முதலில் தெரிந்துகொள்ளம்மா. இந்தியாவில் பி.என்.ஒய்.எஸ். என்ற பட்டம், இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த இளநிலைப் படிப்பு. நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, ஆக ஐந்தரை ஆண்டு. நான் படித்தது அதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலில் ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அதற்கு மேல் நான்கு ஆண்டு இயற்கை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறார்கள். அப்புறம் உரிமத் தேர்வு. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் உரிமம் கொடுப்பதில்லை. ஜெர்மனியில் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் 'ஹைல்பிராக்டிக்கர்'கள், அதாவது மருத்துவப் பட்டம் இல்லாமல் சிகிச்சை செய்ய அனுமதி பெற்றவர்கள், சுகாதாரத் துறையின் தேர்வில் தேற வேண்டும், ஆனால் இத்தனை ஆண்டு கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரிட்டனில் இந்தத் தொழிலுக்குச் சட்டப்படியான பதிவே கிடையாது.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஐந்தரை ஆண்டு படித்தவரும் சில வாரச் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரி பெயர்ப்பலகை மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். நோயாளிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. அதனால் யாரிடம் போனாலும் எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார், மருத்துவமனை வார்டில் எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. என்னிடம் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

சொல்லித் தருவது என்று பார்த்தால், உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் எல்லாம் உண்டு. உடலை அறுத்துப் படித்தேதான் ஆக வேண்டும். அதன்பின் நீர் சிகிச்சை, மண் சிகிச்சை, உணவு, உபவாசம், மசாஜ், யோகா. மகப்பேறு, சமூக மருத்துவம், அவசர சிகிச்சையும் பாடத்தில் இருக்கின்றன.

இதில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது பயிற்சிக் காலத்தில் அவசரப் பிரிவில் இருந்த நாட்கள். ஒருநாள் இரவு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நடந்தே வந்தார். "வாயுப் பிடிப்பும்மா, முதுகுப் பக்கம் இழுக்குது" என்றார். முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மின்விசிறிக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது உறைக்கவில்லை. என்ன சாப்பிட்டார் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். மூத்த மருத்துவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பேச்சே இல்லாமல் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். மாரடைப்பு. அன்றைக்கு நான் தனியாக இருந்திருந்தால் அவர் வயிற்றுக்கு ஈரப் பட்டி போட்டிருப்பேன் என்ற நினைப்பு இன்றும் எனக்கு வரும். உண்மையான டாக்டரா என்று கேட்டாயே, யார் என்னுடைய நோயாளி இல்லை என்று வாசலிலேயே தெரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்தால் ஆகலாம். அந்த அளவுக்குப் படி.

தண்ணீர், மண் என்பதெல்லாம் கைவைத்தியம்தானே? இதற்கு எதற்கு ஐந்து வருடப் படிப்பு?
– ஒரு வாசகர்

கைவைத்தியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தத் துறையைத் தொடங்கியவர்களே படிப்பாளிகள் இல்லை. வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) ஒரு விவசாயி மகன். இன்றைய செக் நாட்டில் இருக்கும் கிரேஃபன்பெர்க் என்ற மலைக் கிராமத்துக்காரர். இளம் வயதில் விபத்தில் விலா எலும்புகள் உடைந்தபோது ஈரத் துணியைச் சுற்றிச் சுற்றியே தேறினார். பிறகு அந்தக் கிராமத்துக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அடுத்தவர் செபஸ்டியன் நைப் (1821–1897), நெசவாளி மகன், பாதிரியார். படிக்கிற காலத்தில் காசநோயோடு இருந்தவர், தண்ணீர் சிகிச்சை பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு 1849 குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றில் முங்கி எழுந்தார். அவர் பிழைத்தது தண்ணீரால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து இல்லாத அந்தக் காலத்திலும் காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் தாமாகத் தேறியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒருவர் காசநோயோடு வந்தால் நான் அனுப்பும் இடம் மாத்திரை கொடுக்கும் மருத்துவமனைதான். நைப்பிடம் சிகிச்சை பெற்ற பெனடிக்ட் லஸ்ட் அமெரிக்கா போய் 1901-இல் நியூயார்க்கில் முதல் இயற்கை மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார்.

நைப்பிடம் எனக்குப் பிடித்தது ஆற்றில் குதித்தது இல்லை. ஆரம்பத்தில் கடுமையாக இருந்த தன் முறையை அனுபவத்தில் மென்மையாக்கிக்கொண்டே வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எவ்வளவு குறைவான தண்ணீர் போதும் என்று பார்த்துக்கொண்டே வந்த மனிதர்.

படிப்பு தேவைப்படுவதும் அந்த இடத்தில்தான். தண்ணீருக்கும் அளவு உண்டு. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், உடம்பில் எந்த இடம், யாருக்கு. இடுப்புக் குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் கால்கள் வெளியே இருக்க, தொப்புள் வரை தண்ணீர். குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒரு விளைவு, உடல் சூட்டுக்குச் சமமான நீரில் உட்கார்ந்தால் வேறு விளைவு. முதலாவதை மாதவிடாய் நாட்களிலும், சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று இருக்கும்போதும் கொடுக்க மாட்டோம். மண்ணும் அப்படித்தான். மேல் மண்ணை எடுப்பதில்லை. மூன்று நான்கு அடி ஆழத்தில் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் போகச் சலித்து, முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். வயிற்றில் போடும் பட்டி 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஓர் அங்குல கனம். இருபது முப்பது நிமிடம். எடுத்துவிட்டுப் பார்த்தால் தோல் குளிர்ந்து, பின் மெல்லச் சிவந்து சூடாக வேண்டும். சூடு திரும்பவில்லை என்றால் அந்த நோயாளிக்கு அந்த அளவு ஒத்துவரவில்லை. வயதானவர்களிடமும் மெலிந்தவர்களிடமும் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சிகிச்சையால் யாருக்காவது கெடுதல் நடந்திருக்கிறதா? பக்கவிளைவே இல்லாத மருத்துவம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

நடந்திருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி.

நான் தனியாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்த மூன்றாவது ஆண்டு. அறுபது தாண்டிய ஒரு ஐயா வந்தார். பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது என்றார். சூடான பாதக் குளியல் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ரொம்ப எளிய சிகிச்சை அது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, தலையில் ஈரத் துணி போட்டு, வாளியில் வெந்நீர் ஊற்றிக் கணுக்கால் மூழ்கும்படி காலை வைத்து, உடம்பைக் கம்பளியால் போர்த்திவிட வேண்டும். பாதத்தில் இரத்தக் குழாய்கள் விரியும், தலைப்பாரம் குறையும், பலருக்குக் கண்ணைச் சொக்கும்.

தண்ணீரைக் கையால் தொட்டுத்தான் பார்த்தேன். காலையிலிருந்து ஒத்தடத் துணி பிழிந்த கை. அதற்கு அந்தச் சூடு சூடாகவே தெரியவில்லை. காலை வைத்ததும், "சூடு தாங்குதா ஐயா?" என்று கேட்டேன்.

"சூடே தெரியலையேம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் நான் வாளியைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் செத்துப் போய்ச் சூடு, குளிர், வலி எதுவும் தெரியாமல் போகும் என்பதை நான் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அவர் சொன்னது அந்தப் பாடம்தான். என் காதில் அது நல்ல செய்தியாக விழுந்தது.

மறுநாள் காலையில் அவர் மகள் போன் செய்தார். வலது கால் கட்டைவிரல் ஓரத்திலும் குதிகாலிலும் கொப்புளம். ஐயாவுக்கு வலியே இல்லை. செருப்பு ஒட்டுகிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. உடனே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். புண் ஆற ஐந்து வாரம் பிடித்தது. ஒவ்வொரு முறை கட்டுப் போடும்போதும் கூட நின்றேன். விரல் கறுத்துவிடக் கூடாதே என்று அந்த ஐந்து வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐயா என்னைச் சமாதானப்படுத்தினார், "நான்தானேம்மா ஊத்தச் சொன்னேன்" என்று. அது அவர் பெருந்தன்மை. கேட்டு ஊற்றுவதற்கு ஒரு டாக்டர் தேவையில்லை.

அன்றிலிருந்து என் அறையில் வழக்கம் மாறியது. என்ன நோய்க்காக வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வேன். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்பேன். நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பேன். பாதத்தின் மேல் பக்கம் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. உணர்ச்சி குறைந்திருந்தால் அந்தக் காலுக்கு என் கையால் எந்தச் சூடும் கிடையாது. தண்ணீருக்குக் கையை நம்புவதில்லை, வெப்பமானிதான். 60 டிகிரி வெந்நீர் பெரியவர்கள் தோலையே சில நொடிகளில் பொசுக்கிவிடும். பாதக் குளியலுக்கு 40 டிகிரியில் ஆரம்பித்தாலே போதும்.

பக்கவிளைவே இல்லை என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி இருங்கள். விளைவு இருக்கும் எதற்கும் பக்கவிளைவு உண்டு.

உங்களைப் போன்றவர்கள் முதல் தடவை ஒரு மணி நேரம் பேசுகிறார்களாமே, அப்படி என்னதான் கேட்பீர்கள்?
– ஒரு குடும்பத் தலைவி

காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு படுப்பது வரை ஒரு நாளை முழுதாகச் சொல்லச் சொல்வேன். நோயைப் பற்றி அப்புறம்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். நாற்பது வயதுப் பெண் ஒருவர், கணக்குப் பார்க்கும் வேலை. ஏழெட்டு மாதமாக அநேகமாக தினமும் தலைவலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. இயற்கை முறையில் ஏதாவது செய்யுங்கள் என்று வந்தார். நாளைச் சொல்லச் சொன்னேன். ஆறு மணிக்கு எழுந்து, பல் துலக்கி, "வலி வந்துடுமேன்னு ஒரு மாத்திரை போட்டுட்டு" வேலையைத் தொடங்குவேன் என்றார். மூச்சு விடாமல் அடுத்ததுக்குப் போய்விட்டார். நான் நிறுத்தி, வலி வந்தா, வரும் முன்னா என்று கேட்டேன். வரும் முன். எத்தனை நாள்? யோசித்தார். மாதத்தில் இருபது, இருபத்திரண்டு நாள் இருக்கும் என்றார்.

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். முன்பு பார்த்த மருத்துவர்கள் கெட்டிக்காரர்கள்தான். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க" என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அது மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை, பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. முழு நாளைச் சொன்னபோதுதான் வெளியே வந்தது.

நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். அவர் மாத்திரையை நிறுத்தும் முறையைப் பார்த்துக்கொண்டார். நிறுத்திய முதல் இரண்டு வாரம் வலி கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், கூடியது. அந்த இரண்டு வாரம் நான் செய்தது கழுத்துக்கு ஒத்தடம், மாலையில் பாதக் குளியல் (கால் சோதனை முடித்துத்தான்), தூங்கும் நேரத்தை ஒரே மாதிரி ஆக்கியது, தினமும் ஒரு போன். மூன்றாம் மாதம் நான்கு நாள் மட்டும் வலி என்று நோட்டில் குறித்துக் கொண்டுவந்தார். இதில் என் சிகிச்சை எவ்வளவு, மாத்திரையை நிறுத்தியது எவ்வளவு என்று என்னைக் கேட்டால், பெரும் பங்கு நிறுத்தியதற்குத்தான்.

இயற்கை மருத்துவத்தின் ஆறு கொள்கைகள் என்று அமெரிக்க இயற்கை மருத்துவர்கள் 1989-இல் வகுத்தார்கள். உடம்பின் குணமாகும் சக்தியை நம்பு, காரணத்தைத் தேடு, தீங்கு செய்யாதே, கற்றுக்கொடு, முழு மனிதரைப் பார், வருமுன் தடு. படிக்கிற காலத்தில் இதில் முதலாவதுதான் எனக்குக் கவர்ச்சியாக இருந்தது. இப்போது இரண்டாவதும் மூன்றாவதும்தான் என்னை நாள் முழுவதும் பிடித்து வைத்திருக்கின்றன.

பத்து நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகர்

வேண்டாம் ஐயா. தயவுசெய்து வீட்டில் தனியாக ஆரம்பிக்காதீர்கள்.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை. சாப்பாடு உள்ளே போகாத நாளிலும் அது தன் வேலையைச் செய்யும். சர்க்கரை தாழ்ந்து தூக்கத்திலேயே நினைவு போகலாம். 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. பட்டினி கிடந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காதவர்கள், இன்சுலினை ஒருபோதும் நிறுத்தக் கூடாது, சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகும். பல நாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று விழுந்து இதயத்தைப் பாதிக்கும்.

உபவாசம் எங்கள் துறையின் பழைய கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆளைச் சேர்த்து, இரத்தப் பரிசோதனை பார்த்து, அவருடைய மருத்துவர் மாத்திரை அளவை மாற்றிய பின்புதான். உங்களுக்கு முதலில் பத்து நாள் பட்டினி தேவையில்லை. இரவுச் சாப்பாட்டு நேரமும் இடுப்புச் சுற்றளவும் என்ன என்று எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.

என் மகனுக்கு ஏழு வயது, ஆஸ்துமா. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு உங்கள் முறைக்கு வரலாமா?
– ஒரு தாய்

இன்ஹேலரை நிறுத்தாமல் வாங்கம்மா. அதில் போகும் மருந்து மைக்ரோகிராம் கணக்கு, நேராக மூச்சுக் குழாய்க்குப் போகிறது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து இல்லை. தினமும் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டுக் காத்திருந்தால் பெரிய இழுப்பு வருவதுதான் பயப்பட வேண்டியது. வீட்டில் யாரும் புகை பிடிக்கக் கூடாது, படுக்கையில் தூசி கூடாது, ஓடியாடி விளையாட விடுங்கள். மூச்சுப் பயிற்சியை விளையாட்டு மாதிரி நான் கற்றுக்கொடுக்கிறேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தை முன்னால் வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். அதனால் ஆஸ்துமா தீராது, பாத்திரம் கவிழ்ந்து மடி வெந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், விலா இடுக்கு உள்ளே இழுத்தால், உடனே மருத்துவமனை. எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கண் கருவிழியைப் பார்த்தே எல்லா நோயும் சொல்கிறார்களே, நீங்கள் பார்ப்பீர்களா?
– ஒரு வாசகர்

பார்ப்பதில்லை. 1979-இல் 143 பேரின் கருவிழிப் படங்களை இந்த முறையில் தேர்ந்தவர்களிடம் கொடுத்து, யாருக்குச் சிறுநீரக நோய் என்று சொல்லச் சொன்னார்கள். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் புரதமும் பார்த்தால் போதும்.

நீங்கள் மாத்திரை சாப்பிடுவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஒரு கல்லூரி மாணவர்

சாப்பிடுகிறேன் தம்பி. ஒன்பது வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. என் தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரப்பதில்லை. எந்த மண் பட்டியும் அந்த ஹார்மோனை எனக்குத் தராது. நோயாளிகளிடமும் இதைச் சொல்லிவிடுவேன். சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், எழுந்து போனவர்களும் உண்டு.

ஆனால் என் துறையில் எனக்கு இருக்கும் நம்பிக்கை அதனால் குறையவில்லை. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்று இலக்கு வைத்து நடந்தவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் எடுத்தவர்களிடம் 31 சதவீதம். நடையும் சாப்பாடும் மாத்திரையை முந்திய இடம் அது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் கொண்ட உணவு முறையே இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1997-இலேயே காட்டியாகிவிட்டது. இதையெல்லாம் தெரியாத மருத்துவர் யாரும் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியை அனுப்ப வேண்டிய இடத்தில், எப்படி நடப்பது, எப்போது சாப்பிடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இல்லை. அந்த நேரம் என்னிடம் இருக்கிறது. என் வேலை பெரும்பாலும் அதுதான்.

முதல் முறை வருபவர்கள் என்ன கொண்டுவர வேண்டும்? வெறும் வயிற்றில் வர வேண்டுமா?
– ஒரு வாசகி

வழக்கம் போலச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று முதல் நாள் பத்தியம் இருக்காதீர்கள், உங்கள் சாதாரண நாளைத்தான் நான் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எப்போதாவது போடுவதும், பக்கத்து வீட்டில் வாங்கியதும், பொடி, லேகியம், சத்து மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் நல்லது. அப்புறம், கழற்றுவதற்குச் சுலபமான செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். பாதத்தில் வெடிப்பு இருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்று பலர் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கூச்சப்படாமல் நீட்டுங்கள்.